கட்டுவது தெரிகிறது, வருவது தெரியவில்லை: கார்பன் வரி ஏன் தோற்கிறது?

2019-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருந்த பெட்ரோல் பங்குகளுக்கெல்லாம் ஒரு ஸ்டிக்கர் வந்து சேர்ந்தது. அதைப் பம்பில் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டாவிட்டால் அபராதம், தொடர்ந்து மீறும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை. மத்திய அரசின் கார்பன் வரி இப்போது லிட்டருக்கு 4.4 சென்ட், 2022-க்குள் 11 சென்ட்டாக ஏறும் என்பதுதான் ஸ்டிக்கரில் இருந்த சேதி. அச்சடித்தது டக் ஃபோர்டின் மாகாண அரசு. வேடிக்கை என்னவென்றால், பசை சரியில்லை. ஒட்டிய கொஞ்ச நாளிலேயே பல இடங்களில் உரிந்து தொங்கியது. அடுத்த ஆண்டு நீதிமன்றமும், கடைக்காரரை இப்படி அரசியல் பேச வைக்க முடியாது என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது.

ஸ்டிக்கரில் இருந்த எண் பொய் இல்லை. ஆனால் அந்த வரியில் வசூலாகும் பணத்தில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பிப் போகிறது என்பது அதில் இல்லை. ஆறு வருஷம் நடந்த சண்டையை இந்த ஒரு ஸ்டிக்கரிலேயே பார்த்துவிடலாம்.

சரி, முதலில் கார்பன் வரி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெட்ரோல், நிலக்கரி, எரிவாயு என்று எதை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அதனால் பூமி சூடாகி உண்டாகும் நஷ்டம் எங்கோ யார் தலையிலோ விழுகிறது. எரித்தவர் கொடுக்கும் விலையில் அது சேர்வதில்லை. அதில் ஒரு பங்கையாவது எரிப்பவர் பில்லில் சேர்ப்பதுதான் கார்பன் வரி. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இவ்வளவு என்று அரசு ஒரு விலை வைக்கும். பிறகு ஒவ்வோர் எரிபொருளும் எவ்வளவு வாயு விடுகிறதோ அந்தக் கணக்கில் வரி.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் அது எரிந்தால் ஏறக்குறைய இரண்டே கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். முக்கால் எப்படி இரண்டே கால் ஆனது? எரியும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வந்து கார்பனோடு சேர்ந்துகொள்கிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜனுடையது. டன்னுக்கு 80 டாலர் வரி என்றால் கிலோவுக்கு 8 சென்ட். அப்படியானால் லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு சென்ட் வர வேண்டும். கனடாவில் 2024 ஏப்ரலிலிருந்து இருந்த விகிதம் 17.6 சென்ட்.

பொருளாதார அறிஞர்களுக்கு இந்த வரி செல்லப்பிள்ளை. பிறருக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு வரி போடலாம் என்ற அடிப்படை யோசனையை ஆர்தர் பிகூ 1920-லேயே எழுதிவிட்டார். பருவநிலையைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்த வில்லியம் நார்ட்ஹவுஸ் 2018-ல் நோபல் வாங்கினார். இந்தக் காரை வாங்காதே, அந்த அடுப்பை மாற்று என்று அரசு ஒவ்வொன்றாக உத்தரவு போட வேண்டியதில்லை. விலை ஏறினால் அவரவர் தனக்கு எது எளிதோ அதைக் குறைத்துக்கொள்வார் என்பது அவர்கள் வாதம். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்றும் சொல்லிவிட முடியாது. சுவீடன் 1991 முதல் இந்த வரியை வாங்குகிறது. விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. ஆட்சிகள் மாறியும் வரி நிற்கிறது.

அப்புறம் ஏன் மற்ற இடங்களில் கவிழ்கிறது? கனடாவையே எடுத்துக்கொள்கிறேன். தோற்க முடிந்த வழிகளில் பாதி அங்கேயே நடந்திருக்கிறது. ஜெயித்த கதையும் ஒன்று இருக்கிறது.

2008-ல் லிபரல் கட்சித் தலைவர் ஸ்டெஃபான் டியோன் கார்பன் வரியைத் தேர்தல் வாக்குறுதியாகவே வைத்தார். கார்பனுக்கு வரி, அதற்கு ஈடாக வருமான வரியில் குறைப்பு. பம்பில் விற்கும் பெட்ரோல் மீது புதிய வரி கிடையாது என்றும் சொன்னார். ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு இதையெல்லாம் மறுத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 'எல்லாவற்றுக்கும் வரி' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். பிரசாரம் நடந்த வாரங்களில்தான் உலக நிதிச் சந்தைகளும் சரிந்தன. முந்தைய தேர்தலில் 103 இடம் பிடித்த லிபரல்கள் 77-க்கு இறங்கினார்கள்.

அதே 2008-ல், அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கோர்டன் கேம்பெல் அரசு ஜூலை 1 முதல் கார்பன் வரியைக் கொண்டுவந்தது. டன்னுக்கு 10 டாலர். ஆண்டுக்கு 5 டாலர் ஏற்றம். பெட்ரோல் விலை உச்சத்தில் இருந்த கோடைகாலம் வேறு. ஆனால் வரி தொடங்குவதற்கு முன்பே, ஜூனில், மாகாணவாசிகளுக்குத் தலைக்கு 100 டாலர் கைக்கு வந்துவிட்டது. வருமான வரியும் குறைந்தது. 2009 தேர்தலில் எதிர்க்கட்சி 'வரியை வெட்டு' என்ற கோஷத்தோடு இறங்கியது. கேம்பெல் மறுபடி ஜெயித்தார். டியோன் கொடுக்கப்போவதாகச் சொன்னார்; கேம்பெல் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினார். இவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கணக்கில் இதற்குத்தான் பெரிய பங்கு.

இனி அந்த ஸ்டிக்கர் எதிர்த்த வரி. ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் அரசு 2019 ஏப்ரல் 1 முதல், சொந்தமாகத் திட்டம் இல்லாத மாகாணங்களில் டன்னுக்கு 20 டாலரில் தொடங்கியது. மாகாணங்கள் வழக்குப் போட்டன; 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. 2024-ல் டன்னுக்கு 80 டாலர். 2030-ல் 170 என்பது திட்டம்.

டொரன்டோ பக்கம் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கார், வாரத்துக்கு 50 லிட்டர். 2024 விகிதத்தில் வாரம் 8 டாலர் 80 சென்ட், ஆண்டுக்குச் சுமார் 458 டாலர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இயற்கை எரிவாயு. ஆண்டுக்கு 2,200 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 15.25 சென்ட் வீதம் 335 டாலர். இந்த இரண்டின் மேலும் 13 சதவீத விற்பனை வரி உண்டு. வரிக்கு வரி! மக்கள் எரிச்சல்பட்டதில் நியாயம் இருந்த இடம் இது. அது ஒரு நூறு டாலர். எல்லாம் சேர்த்து 900-க்குக் கொஞ்சம் கீழே. அதே குடும்பத்துக்கு அரசிடமிருந்து திரும்பி வந்தது 1,120 டாலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280. லாரி வாடகை வழியாகக் காய்கறி விலையில் ஏறியதையும் கழித்தால் மிச்சம் இன்னும் குறையும். என்றாலும் பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிட அதிகம் பெற்றன என்றே நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலரும் கணக்கிட்டார்.

அதே அலுவலர் இன்னொரு அட்டவணையும் போட்டிருந்தார். வேலை, முதலீட்டு வருமானம் இவற்றில் வரும் பாதிப்பையும் சேர்த்தால் பல குடும்பங்களுக்கு நஷ்டம் என்றது அது. ஆளுங்கட்சி முதல் அட்டவணையைக் காட்டும், எதிர்க்கட்சி இரண்டாவதைக் காட்டும். 2024-ல், தொழிற்சாலைகள் மீதான தனி கார்பன் விலையையும் இரண்டாவது கணக்கில் தவறுதலாகச் சேர்த்துவிட்டோம் என்று அந்த அலுவலகமே ஒப்புக்கொண்டு, அக்டோபரில் திருத்திய கணக்கை வெளியிட்டது. நஷ்டம் குறைந்திருந்தது. அதற்குள் பழைய எண்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். திருப்பிக் கொடுப்பதற்கு எதற்கு வாங்க வேண்டும்? வாங்குவது எரித்த அளவுக்கு, கொடுப்பது தலைக்கு. பஸ்ஸில் போகும் குடும்பத்துக்கும் 280, இரண்டு பெரிய வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் 280. எரிப்பதைக் குறைத்தவர் கையில் மிச்சம், கூட்டியவருக்கு நஷ்டம். திட்டத்தின் சூட்சுமமே இதுதான். ஆனால் இதைப் புரியவைக்க எனக்கு இங்கே ஐந்து வாக்கியம் பிடித்தது. 'வரியை வெட்டு' என்பதற்கு இரண்டே சொல்.

ஸ்கார்பரோவில் என் அத்தை மகன் இருக்கிறார். டொரன்டோவின் அந்தப் பகுதியில் நம்மவர்கள் நிறைய. 2024-ல் ஒருநாள் போனில் பேசும்போது, கார்பன் வரிப் பணம் திரும்பி வருகிறதா அத்தான் என்று கேட்டேன். "எங்க வருது, புடுங்குறதுதான் தெரியுது மாப்ள" என்றார். வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. "280 ஒண்ணு இருக்கு. நான் இதை ஜிஎஸ்டி காசுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது அங்கே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் ஐந்தாம் தேதி வாக்கில், வருமானம் குறைந்தவர்களுக்கு ஜிஎஸ்டி சலுகைப் பணம் வரும். பத்தாம் தேதி ஒன்டாரியோவின் உதவித்தொகை. பதினைந்தாம் தேதி கார்பன் பணம். இருபதாம் தேதி குழந்தைகளுக்கான தொகை. நான்கும் அரசிடமிருந்து, நான்கும் சத்தமில்லாமல் வங்கிக்கு. பாஸ்புக் பதிவில் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மாதிரி பெயர் போட்டது. சில இடங்களில் பெயரைப் பார்த்து எதற்கான பணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தொடக்க வருஷங்களில் இன்னும் மோசம். வருமான வரிப் படிவத்துக்குள் ஒரு கழிவாக அது ஒளிந்திருந்தது. 2022 ஜூலையில்தான் மூன்று மாதத் தவணை ஆனது. 'ஊக்கத்தொகை' என்று பொதுவாக இருந்த பெயரில் கார்பன் என்ற சொல் சேர்ந்ததே 2024-ல். ஐந்து வருஷம் பணம் கொடுத்துவிட்டு, எதற்குக் கொடுக்கிறோம் என்று சொல்லாத அரசு! சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான். அங்கே கார்பன் வரிப் பணத்தில் ஒரு பங்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழிவாக வருகிறது, வாங்குகிறவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. 2021-ல் கூடுதல் கட்டணங்களோடு வந்த புதிய பருவநிலைச் சட்டத்தை அந்நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

பெட்ரோல் விலையோ தெரு முனையில், ஆள் உயரத்துக்கு மேலே, எண்களாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த விலை ஏறுவதில் கார்பன் வரிக்குப் பங்கு கொஞ்சமாக இருந்தாலும், திட்டு முழுவதும் அதற்குத்தான். 2022-ல் உக்ரைன் போரால் விலை எகிறியபோது அப்படித்தான் ஆனது. போதாததற்கு வரி ஏறும் நாள் ஆண்டுதோறும் ஏப்ரல் 1. எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியெவுக்கு ஒவ்வொரு வருஷமும் தேதி குறித்த திருவிழா மாதிரி அது. அவர் எடுத்ததும் 2009-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தோற்ற அதே 'வரியை வெட்டு' கோஷம்தான்.

இதற்கிடையே அரசு தன் கையாலேயே ஒரு வேலை செய்தது. 2023 அக்டோபர் 26 அன்று, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருஷம் கார்பன் வரி இல்லை என்று ட்ரூடோ அறிவித்தார். அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பது கிழக்குக் கரையின் அட்லாண்டிக் மாகாணங்கள். அங்கே லிபரல் கட்சிக்கு எம்.பி.க்கள் நிறைய. மேற்கே சஸ்காச்சுவானில் பெரும்பாலோர் எரிவாயுவில் குளிர் காய்கிறவர்கள். எண்ணெயைவிடச் சுத்தமான எரிவாயுவுக்கு வரி, எண்ணெய்க்கு விலக்கு! மேற்கு மாகாணங்களுக்கும் விலக்கு வேண்டுமென்றால் லிபரல்களை இன்னும் அதிகமாகத் தேர்ந்தெடுங்கள் என்கிற பொருளில் ஓர் அமைச்சர் டிவியில் பேசியும் விட்டார். சஸ்காச்சுவான் அரசு 2024 ஜனவரி முதல் எரிவாயுவுக்கு அந்த வரியை வசூலிப்பதையே நிறுத்தியது. எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்த வரிக்கு இருந்த ஒரே தார்மீக பலம். அதை விட்டுக்கொடுத்த நாளில்தான் வரி உண்மையில் செத்தது என்று நினைக்கிறேன், மற்றது ஈமச்சடங்கு.

விலக்கு ஒரு திட்டத்தைப் பிறக்கும் முன்பே கொன்றதும் உண்டு. பிரான்சில் நிக்கோலா சர்க்கோஸி அரசு 2010 தொடக்கத்திலிருந்து டன்னுக்கு 17 யூரோ என்று ஒரு வரியைத் தயார் செய்தது. 2009 டிசம்பர் 29 அன்று, இன்னும் மூன்றே நாள் இருக்கும்போது, அந்நாட்டு அரசியல் சாசன மன்றம் அதை அடித்துவிட்டது. காரணம்: எரிபொருள் தவிர்த்த தொழிற்சாலைப் புகையில் 93 சதவீதத்துக்கு விலக்கு. கார் ஓட்டும் ஆள் கட்ட வேண்டும், பெரிய ஆலைகள் கட்ட வேண்டாம் என்றால் சமத்துவம் எங்கே என்று மன்றம் கேட்டது.

பிரான்ஸ் மறுபடி முயன்று 2014-ல் ஒரு கார்பன் வரியைக் கொண்டுவந்து, அதிகச் சத்தமில்லாமல் 2018-ல் 44.60 யூரோ வரை ஏற்றியது. வசூல் பெரும்பாலும் பொதுக் கஜானாவுக்குத்தான் போனது. குடும்பங்களுக்கு நேராகத் திரும்பவில்லை. அதே ஆண்டு மக்ரோன் அரசு பணக்காரர்களின் சொத்து வரியைச் சுருக்கியது. பஸ் வராத சிற்றூரிலிருந்து 40 கிலோமீட்டர் டீசல் காரில் வேலைக்குப் போகிறவர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்? அங்கே ஒவ்வொரு காரிலும் ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2018 நவம்பர் 17 அன்று வரியை எதிர்த்தவர்கள் அதையே சீருடையாக்கிச் சாலைச் சந்திப்புகளில் வந்து நின்றார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அரசு அடுத்த உயர்வைக் கைவிட்டது. விகிதம் அதற்குப் பிறகும் 44.60-லேயே நின்றுவிட்டது.

அப்படியானால் வசூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு விதமாகவும் வாக்கெடுப்பு நடந்தது. 2016 திட்டம் கார்பன் வரியை வாங்கி, விற்பனை வரியைக் குறைத்து, பணத்தை மக்களிடமே விடுவது. சுற்றுச்சூழல் அமைப்புகளில் சிலவும் தொழிலாளர் தரப்பும் இதையே எதிர்த்தன: சூரியசக்திக்கும் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கும் பணம் எங்கே என்று. தோற்றது. 2018-ல் அவர்கள் கேட்டபடியே, வசூலை அந்த வேலைகளுக்கே செலவிடும் திட்டம் வந்தது. பெயரிலும் 'வரி' இல்லை, 'கட்டணம்'. இப்போது எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலர் இறைத்து எதிர்த்தன. அதுவும் தோற்றது. ஆதரிக்க வேண்டியவர்கள் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று அடித்துக்கொள்வது கார்பன் வரிக்கு எங்கேயும் உள்ள சாபம். ஆஸ்திரேலியாவில் 2009-ல் பிரதமர் கெவின் ரட்டின் கார்பன் விலைத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் பசுமைக் கட்சியும் உண்டு. திட்டம் போதாது என்பது அவர்கள் வாதம்.

ஆஸ்திரேலியாவில் சொல்லே கழுத்தை அறுத்தது. "என் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது" என்று 2010 தேர்தலுக்குச் சில நாள் முன்பு பிரதமர் ஜூலியா கில்லார்ட் சொன்னார். 2012 ஜூலையில் அவர் கொண்டுவந்தது டன்னுக்கு 23 டாலர் என்ற நிலையான விலை. சில ஆண்டுகளில் அது சந்தை விலைக்கு மாறும் திட்டம். அதை வரி என்று சொல்லலாமா என்பதே விவாதத்துக்குரியது. ஆனால் வரி என்று அழைப்பதை அவர் மறுக்கவில்லை. மறுநிமிஷமே பொய் சொன்னவர் ஆகிவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபோட் 2013-ல் ஆட்சியைப் பிடித்து, 2014 ஜூலை 17 அன்று அதை ரத்து செய்தார். அபோட்டின் தலைமை உதவியாளராக இருந்தவர் பிற்பாடு, அது கார்பன் வரியே இல்லை, நாங்கள்தான் அப்படி ஆக்கினோம் என்று டிவியிலேயே சொன்னார்.

பெயரும் இடமும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 2010-ல் இந்தியா நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. 2016-க்குள் அது 400 ரூபாய், எட்டு மடங்கு. ஒரு டன் நிலக்கரி ஏறக்குறைய ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு விடும் என்பதால், இதுவும் ஒரு வகைக் கார்பன் வரிதான். மறியல் நடந்ததாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சுரங்கத்தின் வாசலில் வாங்கினார்கள். மின்சார பில்லில் தனி வரியாக வரவில்லை. சத்தமே இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. 2017-ல் அது ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாக மாறி, சுத்தமான எரிசக்திக்கென்று வாங்கிய பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை நிரப்பப் போனபோதும் யாரும் கேட்கவில்லை.

கனடாவில் கடைசியில் ஆளுங்கட்சிக்குள்ளேயே வரியைக் காப்பாற்ற ஆள் இல்லை. ட்ரூடோவுக்குப் பின் தலைமைக்குப் போட்டியிட்ட முக்கிய வேட்பாளர்களே குடும்பங்கள் மீதான வரியைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். மார்க் கார்னி 2025 மார்ச் 14 அன்று பிரதமராகப் பதவியேற்று, அன்றைக்கே அதற்கான உத்தரவில் கையெழுத்திட்டார். தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது. அதற்கென்று யாரும் ஸ்டிக்கர் அடிக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று பம்பில் விலை லிட்டருக்குப் பதினேழு சென்ட்டுக்கு மேல் இறங்கியது. ஏப்ரல் 22-ல் கடைசித் தவணை வங்கிக்கு வந்தது.

ஜூலை பதினைந்து தாண்டி அத்தான் போன் பண்ணினார். வீட்டுக் கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்டார்: "ஆமா மாப்ள, அந்த 280 இந்த வாட்டி வரலியே, ஏன்?"